சாகசக் கணினி விளையாட்டுகளின் மறுபதிப்பு: பதிப்பியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுட்டியால் பொருளைத் தொட்டுச் சொடுக்கி ஆடும் சாகச விளையாட்டுகள் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் செல்வாக்குடன் விளங்கின. அவற்றுட் சில, 2009 முதல் இன்றைய கணினிகளுக்கும் ஆடுநர்களுக்கும் ஏற்பத் திருத்தப்பெற்று மீண்டும் வெளியிடப்பட்டன. இம்முயற்சிகள் பெரும்பாலும் தொழில்நுட்ப மேம்பாடாகவே பேசப்படுகின்றன. அவற்றை ஒரு பனுவலைப் பதிப்பிக்கும் செயலாகக் காணலாம் என்பதும், அவ்வாறு காணும்போதே எது காக்கப்பட்டது, எது இழக்கப்பட்டது என்பது புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுபதிப்பு, பாடவேறுபாடு, இடைமுகம், ஏவல் வினை, வேற்றுமை உருபு, சாகச விளையாட்டு.

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளிலிருந்து நூல்களை அச்சுக்குக் கொணர்ந்த சி.வை.தாமோதரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர் முதலியோரின் பணியால் மூலபாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல், உரை ஆகிய கருத்தாக்கங்கள் தமிழாய்வில் வேரூன்றின. ஓர் ஊடகம் அழியும் நிலையில் அதிலுள்ள பனுவலை மற்றோர் ஊடகத்துக்கு மாற்றுவோர் யாவரும் எதிர்கொள்ளும் வினாக்களுக்கு இக்கருத்தாக்கங்கள் விடை தேடித்தருகின்றன. நெகிழ்வட்டில் வந்த கணினி விளையாட்டும் அத்தகைய பனுவலே. அதைப் படிக்கும் கருவி வழக்கொழிந்தது. அதை இயக்கிய இயங்குதளம் மாறியது. அதை உருவாக்கிய நிறுவனமும் பல வேளைகளில் மறைந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 2012 இல் டிஸ்னி வாங்கியது. 2013 இல் லூகாஸ்ஆர்ட்ஸின் விளையாட்டு உருவாக்கப் பிரிவு மூடப்பட்டது. எனவே இவ்விளையாட்டுகள் எவ்வடிவில் அடுத்த தலைமுறையைச் சென்றடையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வோர் மறுபதிப்பாளரே ஆவர்.

மூலபாடம் எது?

ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோர் உருவாக்கிய 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' 1990 இல் வெளிவந்தது. முதலில் 16 நிறங்களைக் கொண்ட பதிப்பும், பின்னர் 256 நிறங்களைக் கொண்ட பதிப்பும், 1992 இல் குறுவட்டுப் பதிப்பும் வந்தன. 2009 ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு தோன்றுவதற்கு முன்னரே இவ்விளையாட்டுக்குப் பல பாடங்கள் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

இப்பாடங்கள் நிறத்தில் மட்டும் வேறுபடவில்லை. தொடக்கப் பதிப்பில் காட்டில் உள்ள ஒரு மரக்கட்டையை ஆராய்ந்தால், அதனுள் சுரங்கவழி இருப்பதாக நாயகன் கூறுவான். உடனே, இல்லாத எண்களைக் கொண்ட நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடுமாறு விளையாட்டு கேட்கும். வட்டுகளை மாற்றி மாற்றி இடவேண்டிய அக்கால வழக்கத்தை எள்ளும் நகைச்சுவை இது. தம்மிடம் ஏதோ ஒரு வட்டு விடுபட்டுள்ளது என மயங்கியோரும் இருந்தனர். குறுவட்டுப் பதிப்பில் இப்பகுதி இல்லை. ஒரே வட்டில் அனைத்தும் அடங்கியபின் அந்நகைச்சுவைக்குக் களமும் இல்லை. ஆனால் 1991 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அம்மரக்கட்டையைக் குறித்தே ஒரு கிண்டல் இடம்பெறுகிறது. குறுவட்டுப் பதிப்பை மட்டும் அறிந்தவருக்கு அக்கிண்டல் பொருள்படாது. ஒரு பாடத்தை நீக்கும்போது அதனைச் சுட்டும் பிறிதோரிடமும் ஊமையாகிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று. மறுபதிப்பாளர் எந்தப் பாடத்தை அடிப்படையாகக் கொள்கிறார் என்பது முதன்மையான பதிப்பியல் முடிவாகும்.

வினைச்சொற்களின் வரலாறு

இவ்வகை விளையாட்டுகளில் ஆடுநர் செய்வது அடிப்படையில் தொடர் அமைப்பதே. 1987 இல் வெளிவந்த 'மேனியக் மேன்ஷன்' விளையாட்டுக்கென உருவாக்கப்பட்ட 'ஸ்கம்' என்னும் நிரலமைப்பில், திரையின் கீழ்ப்பகுதியில் வினைச்சொற்கள் நிரல்படக் காட்டப்பட்டன. ஒரு வினையையும் ஒரு பொருளையும் சொடுக்கினால் அவ்விரண்டும் சேர்ந்து ஏவல் தொடராகத் திரையில் தோன்றும். நாயகன் அதனை நிறைவேற்றுவான்.

இவ்வினைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்தது. 'மேனியக் மேன்ஷனில்' 15 வினைகள் இருந்தன. 'மங்கி ஐலண்டின்' தொடக்கப் பதிப்பில் 12. அதன் குறுவட்டுப் பதிப்பில் 9. 1995 இல் வந்த 'ஃபுல் த்ராட்டில்' விளையாட்டில் எழுத்துகளே இல்லை. கண், வாய், கை, கால் ஆகியவற்றின் படங்கள் வினைகளைக் குறித்தன. 1998 இல் வந்த 'கிரிம் ஃபாண்டாங்கோ' சுட்டியையே கைவிட்டு, விசைப்பலகையால் நாயகனை நடத்திச்செல்லும் முறையை ஏற்றது.

இவ்வரலாற்றை எளிமையாக்கம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வினைகள் யாவும் கண்முன் நிற்கும்போது, 'தள்ளு', 'இழு' என்பன போன்ற சொற்களே ஆடுநரைச் சிந்திக்கத் தூண்டுகின்றன. பொருந்தா வினையைப் பொருந்தாப் பொருளோடு சேர்த்து, அதற்கு நாயகன் கூறும் மறுமொழியைக் கேட்டு மகிழ்வதும் இவ்விளையாட்டின் சுவைகளுள் ஒன்று. ஆகவே வினைப்பட்டியல் பனுவலுக்குப் புறத்தே நிற்கும் கருவியன்று. பனுவலின் ஓர் உறுப்பு.

இடைமுக மாற்றமும் பொருள் மாற்றமும்

2009 சிறப்புப் பதிப்பில் வினைப்பட்டியலும் பொருட்பட்டியலும் திரையிலிருந்து அகற்றப்பட்டு, வேண்டும்போது மட்டும் திறக்கும் பட்டிகளாயின. தீட்டப்பட்ட புதிய ஓவியங்கள் திரை முழுதும் விரிவதற்கு இது வழிசெய்தது. எனினும் முன்பு எப்பொழுதும் கண்ணில் பட்ட வினைகள் இப்போது நினைவில் வைத்துத் தேடவேண்டியனவாயின.

'கிரிம் ஃபாண்டாங்கோ'வின் மறுபதிப்பு 2015 இல் டபுள் ஃபைன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இங்கு மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. மூலத்தில் நாயகனை வண்டி ஓட்டுவதுபோலத் திருப்பி நடத்தவேண்டும். அது பலருக்கு இடர்ப்பாடாக இருந்தது. மறுபதிப்பு சுட்டிமுறையைச் சேர்த்து அவ்விடரை நீக்கியது. ஆனால் மூலத்தில் ஆராயத்தக்க பொருள் ஒன்றை அணுகும்போது நாயகன் தன் தலையைத் திருப்பி அதை நோக்குவான். எதைக் கவனிக்கவேண்டும் என்பதற்கு அப்பார்வையே குறிப்பாக அமைந்தது. சுட்டியைக் கொண்டு ஆடும்போது ஆடுநரின் கண் சுட்டியின் முனையையே தொடர்கிறது. நாயகனின் பார்வை குறிப்பாக நில்லாது ஒப்பனையாகிவிடுகிறது. இதனால் மறுபதிப்பு தவறு செய்தது எனக் கூறுவதற்கில்லை. பழைய முறையையும் தெரிவுசெய்ய அது இடமளித்தது. ஆதலின் இருபாடங்களும் ஒரே பதிப்பில் நிலைபெற்றன.

படமும் ஒலியும்

பழைய விளையாட்டுகளின் திரை பெரும்பாலும் 320×200 படப்புள்ளிகளால் ஆனது. அக்காலத் திரையின் அகல உயர விகிதம் 4:3 ஆதலால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைக் காட்டிலும் 1.2 மடங்கு உயரமாகத் தோன்றியது. சதுரப் புள்ளிகளைக் கொண்ட இன்றைய திரையில் அப்படத்தை அப்படியே பெருக்கினால் மாந்தர் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவர். எனவே எதையும் மாற்றாதிருத்தலும் ஒருவகை மாற்றமாகிவிடுகிறது.

புதிதாக வரைதலில் வேறொரு சிக்கல் எழுகிறது. சில புள்ளிகளால் ஆன முகத்தைக் காண்பவர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். ஓவியர் அதைத் தெளிவுற வரைந்ததும் அக்கற்பனை ஒரே வடிவில் நிலைத்துவிடுகிறது. 2009 சிறப்புப் பதிப்பில் நாயகனின் முடியலங்காரம் பலரின் குறைகூறலுக்கு உள்ளானதும், 2010 இல் வந்த இரண்டாம் பாகத்தின் சிறப்புப் பதிப்பில் அது வேறாக வரையப்பட்டதும் இதன் விளைவே. ஐயத்துக்குரிய ஒரு சொல்லுக்குப் பதிப்பாசிரியர் ஒரே பாடத்தை உறுதிசெய்வதை இது ஒக்கும்.

'கிரிம் ஃபாண்டாங்கோ'வின் மறுபதிப்பாளர் இங்கு வேறு நெறியைப் பின்பற்றினர். முன்னரே உருவாக்கப்பட்ட பின்னணிப் படங்களைப் பெரிதும் அவ்வாறே விடுத்து, மாந்தரின் மேற்பரப்பையும் ஒளியமைப்பையும் மட்டும் செம்மைப்படுத்தினர். பீட்டர் மெக்கானல் அமைத்த இசையை மெல்பர்ன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு மீண்டும் பதிவுசெய்தனர். 2016 இல் வெளிவந்த 'டே ஆஃப் தி டென்டகிள்' மறுபதிப்பிலோ 1993 ஆம் ஆண்டு மூலத்தின் கேலிச்சித்திரப் பாணி மாறாமல் படங்கள் அனைத்தும் புதிதாக வரையப்பட்டன. மூலத்தின் இயல்பே நெறியைத் தீர்மானிக்கவேண்டும் என்பதை இவ்விரு முயற்சிகளும் காட்டுகின்றன.

குறிப்பும் உரையும்

காலம் கடந்த பனுவலுக்கு உரை தேவைப்படுகிறது. 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில், மயங்கிக் கிடக்கும் குரங்கு ஒன்றைத் திருகுக்குறடாகக் கொண்டு ஒரு குழாயைத் திருகவேண்டிய புதிர் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவகைத் திருகுக்குறட்டுக்கு 'மங்கி ரென்ச்' என்று பெயர். புதிர் முழுதும் அப்பெயரில் உள்ள குரங்கைச் சார்ந்தது. அப்பெயர் வழங்காத நாட்டினர் எவ்வளவு முயன்றாலும் அதனை ஊகித்தல் அரிது.

சிறப்புப் பதிப்புகள் இத்தகைய இடங்களுக்கென ஒரு குறிப்புதவி முறையை அமைத்தன. அது விடையை உடனே கூறாமல், முதலில் திசைகாட்டி, மேலும் கேட்டால் படிப்படியாகத் தெளிவுபடுத்தும். புதிரை மாற்றாமல் அதற்கு விளக்கம் மட்டும் தரும் இம்முறை, மூலத்தைத் தொடாது உரை வகுக்கும் நெறியோடு ஒத்தது. இரண்டாம் பாகத்தின் சிறப்புப் பதிப்பில் உருவாக்கியோரின் குரலுரையும் சேர்க்கப்பட்டது. மூலத்தை இயற்றியவரே வகுத்த உரை என அதனைக் கொள்ளலாம்.

தமிழாக்கம் எதிர்கொள்ளும் இலக்கணச் சிக்கல்

இவ்வகை விளையாட்டைத் தமிழில் மறுபதிப்பிக்க முனைந்தால் சொற்களை மட்டும் பெயர்த்தல் போதாது. ஆங்கிலத்தில் வினையை முன்னும் பொருளைப் பின்னும் வைத்து இணைத்தாலே தொடர் நிறைவுறும். பெயர்ச்சொல் வடிவம் மாறுவதில்லை. தமிழிலோ 'திற', 'கதவு' என்னும் இரண்டும் சேரும்போது வரிசை மாறி, இரண்டாம் வேற்றுமை உருபும் ஒற்றும் தோன்றி, 'கதவைத் திற' என்றாகவேண்டும். 'பாலம்' என்பது 'செல்' என்பதோடு சேர்கையில் அத்துச்சாரியை பெற்றுப் 'பாலத்துக்குச் செல்' என்றாகும். 'மாலுமி' என்பதோ 'பேசு' என்பதோடு சேர்கையில் 'மாலுமியுடன் பேசு' என்றாகும்.

ஆகவே மறுபதிப்பின் நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பெயரை வைக்காமல், வேற்றுமைக்கேற்ற வடிவங்களைத் தனித்தனியே பட்டியலிடவேண்டும். எந்த வினை எந்த வேற்றுமையை ஏற்கும் என்பதையும் குறிக்கவேண்டும். வினையைப் பொறுத்தமட்டில் தமிழுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு: ஏவல் ஒருமையும் வினையடியும் பெரும்பாலும் ஒரே வடிவின. 'திற', 'தள்ளு', 'இழு', 'கொடு' என்பன பட்டியலில் பெயராகவும் தொடரில் கட்டளையாகவும் மாற்றமின்றி நிற்கும்.

இருபாடமும் காக்கும் நெறி

2009 சிறப்புப் பதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் புதிய படம் மறைந்து அதே காட்சி பழைய வடிவில் தோன்றும். பின்வந்த மறுபதிப்புகளும் இவ்வசதியைப் பின்பற்றின. மேற்பக்கம் தேர்ந்த பாடமும் அடியில் வேறுபாடும் தரும் பதிப்புமுறைக்கு இது நிகரானது. ஆடுநர் மறுபதிப்பாளரின் முடிவை அவ்விடத்திலேயே சோதித்தறியலாம்.

இவ்வசதி இன்மையால் விளையும் இழப்புக்கு 'பிளேடு ரன்னர்' சான்றாகும். 1997 இல் வெஸ்ட்வுட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டின் மூலநிரல் தொலைந்துவிட்டது. 'ஸ்கம்வீஎம்' என்னும் திட்டத்தின் தன்னார்வலர்கள் அதன் இயக்கத்தை ஆராய்ந்து மீட்டெடுத்ததால் 2019 இல் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. 2022 இல் மேம்படுத்திய பதிப்பு வெளியானபோது பழைய வடிவம் தனியே கிடைக்காமற் போனது. புதிய பதிப்பின் தரம் குறித்தும் குறைகூறல் எழுந்தது. அதன்பின் பழைய வடிவம் மீண்டும் கிடைக்கச் செய்யப்பட்டது. மறுபதிப்பு மூலத்தின் இடத்தைக் கைப்பற்றினால், அதன் பிழைகளே மூலத்தின் பிழைகளாக எண்ணப்படும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

1. சாகச விளையாட்டுக்கு ஒற்றை மூலபாடம் உண்டு என முன்கூட்டியே கொள்ளலாகாது. மறுபதிப்பாளர் தாம் தேர்ந்த பாடத்தை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்.

2. இடைமுகம் பனுவலின் உறுப்பாதலின், அதை மாற்றுவது பொருளை மாற்றுவதாகும். பழைய முறையையும் தெரிவாக வைத்தல் அம்மாற்றத்துக்கு ஈடாகும்.

3. புதிர்களின் கடுமையைக் குறைப்பதினும் அவற்றுக்கு உரை போன்ற குறிப்புதவி தருவது மூலத்துக்கு நெருக்கமானது.

4. தமிழாக்கத்துக்கு வேற்றுமையும் சாரியையும் புணர்ச்சியும் அறிந்த நிரலமைப்பு இன்றியமையாதது. இதில் தமிழாய்வாளருக்கும் நிரலாளருக்கும் கூட்டுப்பணி தேவை.

5. மூலநிரலையும் மூலப்படங்களையும் காப்பது மறுபதிப்பின் முற்படி. சுவடி செல்லரித்தபின் பதிப்பாசிரியரின் புலமை இழந்ததை ஈடுசெய்யாது. கணினிப் பனுவலுக்கும் இது பொருந்தும்.