மனசை அளக்க முடியுமா? கரும்புக் காட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி



போன பிரதிநிதிகள் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஒரு குழு உறுப்பினர், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசத்தில், உள்கடன் பாக்கி இருக்கும்போதே வெளியில் ஒரு வாரத்தவணைக் கடனும் வாங்கிவிட்டார். வாரம் எவ்வளவு கட்டணும், எத்தனை வாரம் கட்டணும் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "கணக்கு நோட்டு எழுதினவ, இவளுக்கே புத்தி வேணாமா?" என்று நாமே பேசினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு மனசு கேட்கவில்லை. புத்தி இல்லாததால் கடன் வந்ததா, கடன் வந்ததால் புத்தி தடுமாறியதா? இந்தக் கேள்வியை நிஜமாகவே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் வெளிநாட்டில் மட்டும் இல்லை, நம் மாவட்டத்தை ஒட்டிய திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், உளவியல் என்றால் என்ன? நம்ம பக்கம் "மனசு டாக்டர்" என்றாலே பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1954-ல் மனநலப் பயிற்சி நிறுவனமாகத் தொடங்கி, 1974-ல் இப்போதைய பெயரைப் பெற்றது அது. 1970-களிலேயே பெங்களூருக்கு வெளியே சக்கலவாரா கிராமத்தில் ஒரு மையம் வைத்து, கிராமத்து மக்களின் மனநலத்தைக் கவனித்தார்கள். ஆனால் மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பது மட்டும் உளவியல் இல்லை. நாம் எப்படி ஞாபகம் வைக்கிறோம், எதைக் கவனிக்கிறோம், ஏன் பயப்படுகிறோம், எப்படி முடிவெடுக்கிறோம் என்று சாதாரண மனுஷர்களின் மனசையும் நடத்தையையும் ஆராய்கிற படிப்பு அது.

இதற்கென்று முதல் ஆய்வுக்கூடம் 1879-ல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வந்தது. வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் வைத்தார். பக்கத்து மைசூரில் 1924-ல் எம்.வி.கோபாலசுவாமி பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். இவரே 1935-ல் தன் வீட்டில் ஒரு சின்ன வானொலி நிலையமும் ஆரம்பித்தார். அதன் பெயர்தான் ஆகாசவாணி. மனசைப் படித்தவர் ரேடியோ வைத்தார் என்பது எங்களுக்குப் பிடித்த சேதி, அதனால் எழுதிவிட்டோம்.

சரி, மனசு கண்ணுக்குத் தெரியாதே, அதை எப்படி அளப்பது? நேராகக் கேட்கலாம், ஆனால் எல்லாரும் உண்மை சொல்வார்களா? நம் கூட்டத்திலேயே "வீட்டில் கஷ்டமா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைக்கா" என்றுதான் பதில் வரும். கிட்ட இருந்து கவனிக்கலாம். ஒரே மாதிரி பரீட்சை வைத்து அளக்கலாம். எதைச் செய்தாலும் இறுதியில் எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் ஆராய்ச்சி நிற்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "குழுவில் இருக்கிற பெண்கள் தைரியமாகப் பேசுகிறார்கள்" என்று எல்லாரும் சொல்கிறோம். குழுவால் தைரியம் வந்ததா, தைரியம் இருந்தவர்கள்தான் முதலில் குழுவுக்கு வந்தார்களா? இரண்டு விஷயம் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்றால் இன்னொன்று வந்தது என்று சொல்ல முடியாது. ஏழையையும் பணக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்தாலும் இதே சிக்கல்தான். படிப்பு வேறு, வளர்ந்த வீடு வேறு, சாப்பாடு வேறு.

இதற்கு ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற நான்கு பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கரும்பு விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரிய பணம். வெட்டுக்கு முன்னால் கை காய்ந்து கிடக்கும், வெட்டிப் பணம் வந்ததும் தெளிவு. அப்படியென்றால் ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட வேண்டாம், ஒரே ஆளை வெட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. 54 கிராமங்களில் 464 விவசாயிகளைப் பார்த்தார்கள். வெட்டுக்கு முன்னால் 100-க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 பேர்தான். கடன் இருந்தவர்கள் முன்னால் 100-க்கு 99, பின்னால் 13.

இரண்டு பரீட்சை வைத்தார்கள். ஒன்று, கோலம் மாதிரி ஒரு படத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும், எந்தத் துண்டு பொருந்தும் என்று சொல்லணும். எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்றை நீங்களே குழுவில் செய்து பார்க்கலாம். பலகையில் 5 5 5 என்று எழுதுங்கள். எத்தனை எண் இருக்கிறது என்று டக்கென்று கேளுங்கள். சரியான பதில் மூன்று. வாய் "ஐந்து" என்றுதான் வரும், அதை அடக்கிச் சொல்லணும். கவனத்தை அளக்கிற முறை இது.

படப் பரீட்சையில் வெட்டுக்கு முன்னால் சராசரியாக 4.35 சரி, பின்னால் 5.45. எண் பரீட்சையை முடிக்க முன்னால் 146 விநாடி ஆனது, பின்னால் 131 விநாடி, தப்பும் குறைந்தது. அதே மனுஷன்தான்!

உடனே நம்பிவிடக் கூடாது. குறுக்குக் கேள்வி கேட்கணும், அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது தடவை எழுதினால் பழக்கத்தில் நன்றாகத்தானே வரும்? அதற்காக 100 பேரை முதல் சுற்றில் சேர்க்காமல் நிறுத்திவைத்து, வெட்டுக்குப் பிறகுதான் முதல் தடவையாகப் பரீட்சை வைத்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். வெயில், மழை, பண்டிகை மாற்றமா? சர்க்கரை ஆலை எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தராது, மாசக்கணக்கில் பிரித்துத்தான் தரும். அதனால் ஒரே மாசத்தில் ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், பக்கத்துக் காட்டுக்காரருக்கு முடிந்திருக்காது. அப்போது காலத்தைக் காரணம் சொல்ல முடியாது. பட்டினியா? வெட்டுக்கு முன்னால் சாப்பாட்டுச் செலவு குறைந்திருக்கவில்லை.

2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் இது வந்தது. ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணம், மனசுக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் கொள்ளளவு. "வெள்ளிக்கிழமை தவணைக்கு எங்கே போவேன்" என்ற ஓட்டம் அதில் பாதியை அடைத்துக்கொண்டால், மிச்சத்தில்தான் கணக்கும் முடிவும். நமக்கு இது புதுசா? ராகி அறுவடைக்கு முந்தின மாசங்களிலும், தக்காளி கிலோ ரெண்டு மூணு ரூபாய்க்கு விழுந்த நாட்களிலும் அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டவர்கள்தானே நாம்.

ஆனாலும் ஒரு ஆராய்ச்சியோடு விஷயம் முடிவதில்லை. கணக்குப் போட்ட விதத்தைச் சிலர் விமர்சித்தார்கள். அமெரிக்காவில் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை என்று 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. தேதி தெரிந்த சம்பளமும், என்றைக்கு வரும் என்று தெரியாத வெட்டுப் பணமும் ஒன்றா என்று எங்களுக்குச் சந்தேகம். பிறகு ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கிற கூலிக்காரர்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. குலுக்கல் போட்டுச் சிலருக்கு மட்டும், அவர்கள் சம்பாதித்த கூலியையே கொஞ்சம் முன்கூட்டித் தந்தார்கள். கூலி ரேட் கூடவில்லை. பணம் முன்னால் கிடைத்தவர்கள் அதிகத் தட்டு தைத்தார்கள். குலுக்கல் ஏன் என்றால், சீட்டில் போல யாருக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். நம் ஊர்களுக்கும் சர்வே எடுக்க அடிக்கடி வருகிறார்கள். எதற்கு, பெயர் வெளியே வருமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம், நடுவிலும் நிறுத்தலாம். முறையான ஆராய்ச்சியில் சம்மதம் கேட்ட பிறகுதான் முதல் கேள்வி.

அந்த உறுப்பினர் விஷயத்துக்கு வருகிறோம். கூட்டமைப்புச் செயற்குழுவில் பேசினோம். ஊக்குநரும் பிரதிநிதியும் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, எல்லாத் தவணையையும் ஒரே தாளில் எழுதிக்கொடுத்தார்கள். எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அவரே, "குழுக் கடனை ராகி வித்துக் கட்டுறேன், அதுவரை வட்டி மட்டும் கட்ட விடுங்க" என்று கேட்டார். தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கூட்டத்தில் பேசியதற்கு அவரிடம் வருத்தமும் தெரிவித்தோம்.

எல்லாக் குழுக்களுக்கும் ஒரு வேலை. உங்கள் கடன் பதிவேட்டில் கடந்த இரண்டு வருஷத்தைப் புரட்டுங்கள். எந்த மாசத்தில் அதிகம் பேர் கடன் கேட்டார்கள், எந்த மாசத்தில் தவணை தவறியது என்று பெயர் போடாமல் மாசவாரியாக எண்ணி எழுதுங்கள். ராகி, தக்காளி, பட்டுக்கூடு, ஓசூர் கம்பெனிச் சம்பளம் என்று எந்த வருமானத்தில் இருக்கிற வீடு என்பதையும் குறியுங்கள். அடுத்த பிரதிநிதிகள் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். தவணை மாசத்தை மாற்றுவது பற்றி அதை வைத்துப் பேசலாம்.