முன்னிலையும் படர்க்கையும்

கேட்போனைக் குறிப்பது முன்னிலை; பேசப்படுவோனைக் குறிப்பது படர்க்கை. இவ்விலக்கணம் நீதிமன்றத்துக்கும் பொருந்தும். இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் முன்னிலையிற் பெறப்படுதல் வேண்டுமென விதித்தது. அமெரிக்காவிலுள்ள சாட்சியைக் காணொளி வழியே விசாரிக்கலாமோ என்னும் வினா எழுந்தது. திரையிற் கண்டுங் கேட்டும் வினாவ இயலுமாயின் அதுவும் முன்னிலையே என இந்திய உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2020இற் கொள்ளைநோய் பரவியபோது பல நாடுகளின் நீதிமன்றங்கள் இணையவழியே இயங்கின.

நன்று. ஆயின், விசாரணை நடுவே இணைப்பறுந்த ஏழை வழக்காளியின் நிலை யாது? அவனைப்பற்றிப் பேசுவர், அவனோடு பேசார். முன்னிலையாய் இருந்தவன் படர்க்கையாகிவிடுகின்றான். ஆதலின், அவன் குரல் மீண்டுங் கேட்கும்வரை விசாரணையை நிறுத்திவைத்தலே முறையென்பது எமது துணிபு.