வெளிநாட்டுக் கொள்கையும் நமது பால் மரமும்

வெளிநாட்டுக் கொள்கை என்றவுடன், அது தலைநகரில் தூதுவர்கள் கூடிப் பேசும் காரியம், விடியுமுன் பிரட்டுக் களத்தில் வந்து நிற்பவனுக்கு அதனால் ஆவதென்ன என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு நம் தோட்டங்களின் பழைய கணக்கேடுகளே சான்று. 1949ஆம் ஆண்டில் ஓர் இராத்தல் ரப்பரின் சராசரி விலை 40 காசுக்கும் குறைவு. 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. மலாயாவிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள நாடு அது. ஆயினும் வல்லரசுகள் போருக்கெனப் பொருள் சேமிக்க முற்பட்டதால், 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே ஓர் இராத்தல் ரப்பர் 2 வெள்ளியைத் தாண்டியது. மரம் அதே மரம், வெட்டியவரும் அவரே. மாறியது உலகம்.

1951ஆம் ஆண்டு மே மாதம், போருக்குப் பயன்படும் பொருள்களை மக்கள் சீனத்திற்கு அனுப்பலாகாது என்று ஐக்கிய நாட்டுச் சபை தீர்மானித்தது. ரப்பரும் அத்தகைய பொருளாகக் கருதப்பட்டது. மலாயா அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆதலால், சீனத்திற்கு நம் ரப்பரை விற்பதா, விடுப்பதா என்னும் முடிவில் ரப்பர் விளைந்த மண்ணின் மக்களுக்குப் பங்கில்லை. அம்முடிவு லண்டனில் எடுக்கப்பட்டது.

இதே வேளையில் இலங்கை என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். அங்கும் ரப்பர் விளைந்தது. 1948இல் விடுதலை பெற்றிருந்த அந்நாடு, ஐக்கிய நாட்டுச் சபையில் அப்போது அங்கம் பெறவில்லை. அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு, ரப்பர் விலையோ இறங்கு முகம். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை சீனத்தோடு 5 ஆண்டு உடன்பாடு ஒன்றைச் செய்து கொண்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை தரும். 270,000 டன் அரிசியைச் சீனம் தரும். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேலாகவே சீனம் கொடுத்தது. இதற்காக அமெரிக்கா தன் உதவியை இலங்கைக்கு மறுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆதாயமும் இழப்பும் கலந்த முடிவுதான் அது. எனினும் அம்முடிவை எடுத்தது இலங்கையே. ஒரு நாட்டுக்கு வெளிநாட்டுக் கொள்கை உண்டு என்பதன் பொருள், தனக்கு எது இலாபம், எது நட்டம் என்பதைத் தானே எடை போட்டுப் பார்க்கும் உரிமை அதற்கு உண்டு என்பதே.

மலாயா அவ்வுரிமையை 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பெற்றது. பெற்ற உரிமையைக் கையாளக் கற்றுக் கொள்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

நம் நாடு பெரிய நாடன்று. மிகச் சிறிய நாடுமன்று. படை பலத்தால் பிறரைப் பணிய வைக்க அதனால் இயலாது. ஆயினும் கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் மலாக்கா நீரிணையின் கரையில் அமர்ந்திருக்கிறது. ரப்பர், ஈயம், பனை எண்ணெய் எனப் பிறர் விரும்பும் பொருள்களை விளைவித்துக் கடல் கடந்து விற்று வாழ்கிறது. இத்தகைய நாட்டை வல்லரசுகள் மறந்து விடுவதில்லை. மதித்து நடப்பதாகவும் எப்போதும் சொல்வதற்கில்லை. மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்று நாம் சொல்வோம். யானையோடு யானை பொருத, நடுவில் அகப்பட்ட சருகுமான் மடிந்தது என்று மலாய் மக்கள் சொல்வர். நடுத்தர நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை முழுவதும், அந்தச் சருகுமான் யானைகளின் காலடியில் சிக்காமல் நடமாடக் கற்றுக் கொண்ட கதையே எனலாம்.

விடுதலை பெற்றபோது துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு பிரிட்டனோடு பாதுகாப்பு உடன்பாடு செய்து கொண்டது. காட்டில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்து கொண்டிருந்த காலம் அது. அவசர காலச் சட்டத்தின் கீழ்த் தோட்டத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி இடப்பட்டிருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அந்நிலையில் பழகிய கையைப் பற்றிக் கொண்டது இயல்பே. ஆனால், ஒரே கையைப் பற்றி நிற்பதில் உள்ள அபாயம் சில ஆண்டுகளிலேயே தெரிந்து விட்டது.

1963ஆம் ஆண்டு மலேசியா அமைந்தபோது இந்தோனேசியா அதனை எதிர்த்து மோதல் கொள்கையை மேற்கொண்டது. 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஜோகூரில் லாபிஸ் வட்டாரத்தில் இந்தோனேசியப் படையினர் விமானத்திலிருந்து குதித்தனர். லாபிஸ் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்பதை வாசகர்கள் அறிவர். மலேசியா ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. இச்செயலுக்கு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை 9 நாடுகள் ஆதரித்தன. 2 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றுள் ஒன்று சோவியத் யூனியன். அதன் இரத்து அதிகாரத்தால் தீர்மானம் விழுந்தது. அதே ஆண்டு கெய்ரோவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில் மலேசியாவுக்கு இடம் கிடைக்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தது. பிரிட்டிஷ் படைகளும் உடன் நின்றன. ஆயினும் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் பல நம்மைப் பிரிட்டனின் நிழலாகவே கண்டன. நியாயம் இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துரைக்க எல்லாப் பக்கங்களிலும் நண்பர் வேண்டும் என்பதை லாபிஸ் நமக்குக் கற்பித்தது.

மோதல் 1966இல் முடிவுற்றது. 1967இல் மலேசியா சோவியத் யூனியனோடு தூதரக உறவு ஏற்படுத்திக் கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தீர்மானத்தை வீழ்த்திய நாட்டோடு உறவா என்று கேட்டோர் இருந்திருக்கலாம். அந்நாடு நம் ரப்பரைப் பெருமளவில் வாங்கும் நாடு என்பதே அதற்கு விடை. அதே ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளும் பாங்காக்கில் கூடி ஆசியான் அமைப்பைத் தொடங்கின. ஓராண்டுக்கு முன்வரை நம்மோடு மோதிய நாடும், சபாவுக்கு உரிமை கோரும் நாடும், நம்மிடமிருந்து பிரிந்து சென்ற நாடும் ஒரே மேசையில் அமர்ந்தன. மலேசியாவுக்காகக் கையொப்பமிட்டவர் அப்போதைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக். சிங்கப்பூருக்காகக் கையொப்பமிட்ட எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். அவர்தம் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர்.

இனி, உண்மையான சோதனைக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு ஜனவரியில், தன் படைகளை 1971ஆம் ஆண்டு இறுதிக்குள் இவ்வட்டாரத்திலிருந்து மீட்டுக் கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. மறு ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நாடுகள் தம் பாதுகாப்பைத் தாமே பார்த்துக் கொள்ள வேண்டும் என்றார். வியட்நாமில் போர் ஓயவில்லை. காவல் நின்றவர் தடியை எடுத்துக் கொண்டு புறப்பட்டு விட்டால், வீட்டுக்காரர் என்ன செய்வது? வேறொரு காவலரைத் தேடலாம். சொந்தமாகப் பெரும்படை திரட்டலாம். அதற்கான பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம். மூன்றாவது வழி ஒன்றை அதே ஜனவரி மாதம் நாடாளுமன்றத்தில் துன் டாக்டர் இஸ்மாயில் எடுத்துரைத்தார். அமைச்சர் பதவியை விட்டிருந்த காலத்தில் அவர் ஆற்றிய உரை அது. தென்கிழக்காசியாவை நடுநிலை வட்டாரமாக்க வேண்டும். அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனம் ஆகிய மூன்றும் அதற்கு உத்தரவாதம் அளிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

1970இல் பிரதமரான துன் ரசாக் இக்கருத்தை நாட்டின் கொள்கையாக்கினார். மலேசியா அணிசேரா நாடுகளின் அணியில் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக வேண்டும் என்னும் கோலாலம்பூர் பிரகடனத்தில் ஆசியானின் ஐந்து நாடுகளும் கையொப்பமிட்டன. அதே மாதத் தொடக்கத்தில்தான், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலேசியா ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டையும் செய்து கொண்டது. ஒரு கையில் நடுநிலை, மறு கையில் தற்காப்பு ஏற்பாடு என்று இதனை எள்ளி நகையாடியோர் உண்டு. இக்கட்டுரையாளருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. வானம் தெளியும் என்று நம்பி விதைப்பவரும் குடையை வீட்டில் வைத்திருப்பார்.

ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லப்பட வேண்டும். டாக்டர் இஸ்மாயில் கோரிய உத்தரவாதத்தை எந்த வல்லரசும் அளிக்கவில்லை. பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளங்கள் 1992 வரை நீடித்தன. வியட்நாமின் கேம் ரான் விரிகுடாவில் சோவியத் படையினர் 1979இல் வந்து தங்கினர். நடுநிலை வட்டாரம் ஏட்டில் நின்றது எனலாம். ஆயினும் அம்முயற்சி ஒரு கதவைத் திறந்தது. அக்கதவு சீனத்தின் கதவு.

சீனத்தை ஒதுக்கி வைத்து விட்டு நடுநிலை பேசுவதில் பொருளில்லை. 1971ஆம் ஆண்டு மே மாதம் மலேசிய வணிகக் குழு ஒன்று சீனம் சென்றது. ரப்பர் விற்பனை அப்பேச்சில் முக்கிய இடம் பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஐக்கிய நாட்டுச் சபையில் சீனத்தின் இடம் பீகிங் அரசுக்கே உரியது என்று மலேசியா வாக்களித்தது. 1974ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் துன் ரசாக்கும் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். ஆசியான் நாடுகளுள் சீனத்தோடு தூதரக உறவு கொண்ட முதல் நாடு மலேசியாவே. மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையை இழந்தவராவர் என்று அவ்வறிக்கையில் சீனம் ஒப்புக் கொண்டது. பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டிற்கு இது வணிகத்தினும் பெரிது.

கையொப்பம் இட்டவுடன் காட்டில் துப்பாக்கி ஓய்ந்து விடவில்லை. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் வானொலி சீன மண்ணிலிருந்து 1981 வரை ஒலித்தது. அரசோடு உள்ள உறவு வேறு, கட்சியோடு உள்ள உறவு வேறு என்று பீகிங் சொல்லி வந்தது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள்தான் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1974இல் நட்ட கன்று 15 ஆண்டு கழித்துக் காய்த்தது. பால் மரம் வெட்டுக்கு வர ஏறக்குறைய 6 ஆண்டு காத்திருக்கும் நமக்கு இப்பொறுமை விளங்காததன்று.

ரப்பருக்கே திரும்புவோம். 1973இல், ஜப்பானின் செயற்கை ரப்பர் பெருகி நம் இயற்கை ரப்பரைத் தாக்குகிறது என்று மலேசியா தனித்து முறையிடவில்லை. ஆசியான் நாடுகள் ஒன்றாகச் சென்று ஜப்பானோடு பேசின. அடுத்து, 1979இல் ஜெனீவாவில் அனைத்துலக இயற்கை ரப்பர் உடன்பாடு ஏற்பட்டது. அதன் தலைமையகம் கோலாலம்பூரில் அமைந்தது. விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் பணம் போட்டு, 550,000 டன் வரை ரப்பரைச் சேமித்து வைக்கும் கிடங்கு ஏற்பாட்டைச் செய்தன. கிலோவுக்கு 210 காசு நடு விலை. அதற்கு 15 விழுக்காடு கீழே விலை இறங்கினால் கிடங்கு வாங்கலாம். 20 விழுக்காடு இறங்கினால் வாங்கியே தீர வேண்டும். விலை அதே அளவு ஏறினால் விற்கலாம், விற்க வேண்டும். வாங்குவோருக்கும் இதில் நலம் உண்டு என்பதை எடுத்துக் காட்டி அவர்களை உள்ளே கொண்டு வந்ததில்தான் நடுத்தர நாடுகளின் திறமை வெளிப்பட்டது. கட்டளையிட முடியாதவர் கணக்குக் காட்டி இணங்க வைக்க வேண்டும்.

அவ்வுடன்பாடும் நிலைக்கவில்லை. 1997இல் ஆசிய நாணயங்கள் சரிந்தன. விலையை மலேசிய, சிங்கப்பூர்க் காசில் அளந்து வந்ததால், உலகச் சந்தையில் டாலர் விலை இறங்கிய போதும் நம் காசில் அது இறங்காதது போல் தோன்றிற்று; கிடங்கு வாங்க முன்வரவில்லை. விளைவிக்கும் நாடுகள் மனம் கசந்தன. மலேசியா விலகியது, 1999இல் அமைப்பே கலைந்தது. 2001இல் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்றும் ரப்பருக்கெனத் தமக்குள் ஒரு மன்றம் கண்டன. ஆனால் வாங்குவோர் அதில் இல்லை. அதன் பலமும் அந்த அளவே.

பலம் போதாத இடத்தில் சட்டத்தை நாடுவதும் நடுத்தர நாட்டின் வழியாகும். சிப்பாடான், லிகித்தான் தீவுகள் பற்றிய வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2002இல் மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, இந்தோனேசியா ஏற்றது. 2008இல் பத்து பூத்தே சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பாயிற்று. அந்தக் கசப்பு நம் பங்கு.

அண்மைய ஆண்டுகளில் யானைகள் மீண்டும் முட்டிக் கொள்கின்றன. 2009 முதல் சீனம் நமது முதல் வணிகக் கூட்டாளி. தென்சீனக் கடலில் நமது எண்ணெய், எரிவாயுப் பணிகளின் அருகே அதன் காவற்கப்பல்கள் சுற்றுவதும் உண்மை. அமெரிக்கா நம் சரக்குகளைப் பெருமளவில் வாங்கும் நாடு. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காட்டு வரி என்று அது அறிவித்தது. பேச்சுக்குப் பின் ஆகஸ்டில் 19 விழுக்காடாயிற்று. அவ்வாண்டு ஆசியானின் தலைமை மலேசியாவிடம் இருந்தது. அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் அமெரிக்க அதிபரோடு மலேசியா வணிக உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டது. இரண்டு நாள் கழித்து, 28ஆம் நாள், அதே நகரில், சீனப் பிரதமர் முன்னிலையில் ஆசியான்–சீனத் தடையிலா வணிக உடன்பாட்டின் புதிய வடிவம் கையெழுத்தாயிற்று.