பைன் மரங்களின் இலையுதிர்வும் வனப் பாதுகாப்பும்

என்றும் பசுமையான மரங்கள் இலை உதிர்ப்பதில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. ஒவ்வோர் ஊசியிலைக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. பழைய இலை விழும்போது புதிய இலை கிளையில் இருப்பதால் மரம் மொட்டையாவதில்லை, வேறுபாடு அவ்வளவே. தேவதாருவின் இலைகள் சில ஆண்டுகள் நிலைத்திருக்கும். இமயமலையின் தாழ்ந்த சரிவுகளில், சுமார் 500 முதல் 2,000 மீட்டர் உயரம் வரை வளரும் சிர் பைன் மரமோ, மும்மூன்றாகக் கொத்தில் அமைந்த நீண்ட இலைகளை ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தாங்குகிறது. கோடையில் அவை பெருமளவில் உதிர்கின்றன.

இயல்பும் நோயும்

கிளையின் உட்பகுதியிலுள்ள முதிய இலைகள் ஒரே சீராகப் பழுத்து விழுந்து, நுனித்தளிர் பசுமையாக இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. மாறாக, நுனியிலைகள் கருகுதல், ஒரு பக்கம் மட்டும் காய்தல், பட்டையில் துளைகளும் மரத்தூளும் காணப்படுதல் ஆகியவை நோயின் அல்லது பூச்சித் தாக்குதலின் அறிகுறிகள். இவ்வேறுபாட்டை அறியாமல் நல்ல மரத்தை வெட்டுவதும், நோயுற்ற மரத்தைக் கவனியாது விடுவதும் ஒருங்கே இழப்பாகும்.

பிசின் எடுப்பதிலும் கவனம் தேவை. ஆழமாக வெட்டிய காயம் மரத்தைப் பலவீனப்படுத்துகிறது. பிசின் ஊறிய அக்காயத்தில் தீயும் எளிதில் பற்றுகிறது. ஆதலின் ஆழமற்ற கீறல் முறையே ஏற்புடையது.

உதிர்ந்த இலையின் பொருளாதாரம்

உத்தரகண்டில் ‘பிரூல்’ எனப்படும் இவ்விலைச் சருகு மெதுவாகவே மட்கும்; பிசின் கலந்திருப்பதால் விரைந்து எரியும். அங்கு பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான தீப்பருவத்திலேயே உதிர்வும் மிகுகிறது. 2016, 2024 ஆம் ஆண்டுகளில் அம்மாநிலக் காடுகளில் பெருந்தீ பரவியது. 2024 மே மாதத்தில் மாநில அரசு பிரூலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் என்னும் கொள்முதல் விலையை அறிவித்தது. அதற்கு முந்தைய விலை 3 ரூபாய்.

எனினும், விலை அறிவிப்பு மட்டும் போதாது. சருகு எடையில் குறைந்து, பருமனில் மிகுந்த பொருள். செங்குத்தான சரிவில் அதனைச் சுமந்து வருபவர் பெரும்பாலும் பெண்கள். நிலையம் தொலைவில் இருந்தால் அவர்களது ஒரு நாள் உழைப்பு நடையிலேயே கழியும். பணம் தாமதித்தால் அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள்.

சருகு முழுவதையும் அகற்றுவதும் முறையன்று. அது மண்ணுக்குப் போர்வையுமாகும். தீத்தடுப்புக் கோடுகள், பாதையோரங்கள், ஊர் எல்லைகள், பிசின் எடுக்கும் மரங்களின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு முன்னுரிமை அளித்தல் வேண்டும்.

இலை உதிர்வது இயற்கையின் செயல். அது தீயாவதும் வருவாயாவதும் நிருவாகத்தைப் பொறுத்தவை. தீப்பருவத்திற்கு முன்பே நிலையங்களைத் திறப்பதும், எடையிட்ட அன்றே பணம் வழங்குவதும் இதன் முதற்படிகளாகும்.