சாவியைப் பிடுங்கலாமா, போனைப் பார்க்கலாமா?

கேள்வி: மருந்து கம்பெனியில் ரெப்பாக இருக்கிறேன். இரவு பைக்கில் வீடு திரும்பும்போது வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் ஒரு காவலர் சாவியை உருவிக்கொண்டார். டிஜிலாக்கரில் ஆர்.சி.யைக் காட்டினால், "ஒரிஜினல் எங்கே?" என்றார். சாம்பிள் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். போனை வாங்கி வாட்ஸ்அப்பையும் மேய்ந்தார்கள். முடிவில் 500 ரூபாய் கேட்டார்கள்; கொடுத்துவிட்டேன். ரசீது தரவில்லை. இதில் எது சரி, எது தப்பு?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடைசியில் சொன்ன 500 ரூபாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு; ஆனால் ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும். சம்பவம் நடந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. கெடு முடியவில்லை என்றால் இன்றே லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். முடிந்துவிட்டது என்றால், புகார் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

முறையான அபராதம் என்றால் இ-சலான் வரும். அதில் என்ன குற்றம் என்று இருக்கும். சம்பவ இடத்திலேயே அபராதம் வசூலித்து வழக்கை முடிக்கும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின் கீழ் அரசு அறிவித்த பதவியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. குற்றத்தை ஒப்புக்கொள்ள விருப்பமில்லை என்றால், 'கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நிறுத்தியதில் தவறில்லை. சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும், 130-வது பிரிவின்படி லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். சீருடைதான் இங்கே முக்கியம். காவலர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதல்ல. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆவணங்கள் செல்லும். மின்னணு முறையில் சரிபார்த்துவிட்ட ஆவணத்தின் ஒரிஜினலைக் கேட்கக் கூடாது என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி 139-லேயே இருக்கிறது.

சாவியை உருவ எந்தப் பிரிவும் அனுமதிக்கவில்லை. லைசென்ஸ், பதிவு, பெர்மிட் இல்லாத வண்டியை 207-வது பிரிவின் கீழ் பிடித்து வைக்கலாம். அது வேறு விஷயம். 'ஓடிவிடுவான்' என்பார்கள். வண்டி எண் கண்ணெதிரே இருக்கும்போது அந்தப் பயம் எதற்கு? 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூரில் ஹெல்மெட் இல்லாமல் வந்த தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் பைக்கை உதைத்ததில், பின்னால் இருந்த பெண் இறந்தே போனார். அதற்காக, கை காட்டினால் நிற்காமல் போகலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

பை விஷயம் சிக்கலானது. மோட்டார் வாகனச் சட்டத்தை வைத்துப் பையைத் திறக்கச் சொல்ல முடியாது. ஆனால் கஞ்சா, சாராயம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் சோதனைக்கு இடம் தருகின்றன. (தேர்தல் பறக்கும் படை தனிக் கதை.) போதைப்பொருள் சந்தேகத்தில் உங்கள் உடம்பைச் சோதிப்பதானால், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். பைக்கு இது பொருந்தாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு ஒரு யோசனை: சாம்பிள் பட்டியலையும் கம்பெனி அடையாள அட்டையையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையைக் கண்டாலே சந்தேகப்படுகிற காலம் இது.

போனைத் திறந்து வாட்ஸ்அப் பார்த்ததுதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை; நடுரோட்டில் யாருடைய அரட்டையையும் படிக்கக் காவலருக்கு உரிமையில்லை. இனி ஆர்.சி. காட்டும்போது திரையை மட்டும் காட்டுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

அந்த இடத்திலேயே சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம். கையைத் தட்டிவிட்டால்கூட, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினார் என்று பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 132-வது பிரிவில் வழக்குப் போட்டுவிடுவார்கள். சட்டையில் உள்ள பெயர், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, மறுநாள் எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அங்கே அசையவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. அங்கே போக ஓராண்டு அவகாசம் உண்டு.