ஆயில் இன்ஜினின் கேம் ஷாப்ட்: இரண்டு முறை மாற்றிக் கற்ற பாடம்

கடைமடைக்காரனுக்கு வாய்க்கால் தண்ணீர் கடைசியாகத்தான் வரும், முதலில் நின்றுவிடும். குளத்திலும் வடிகாலிலும் கிடக்கிற தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துத்தான் நாங்கள் கடைசி நனைப்பு கொடுப்போம். இரண்டு வருடத்துக்கு முன், மாப்பிள்ளைச் சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் என் இன்ஜின் மக்கர் பண்ணியது. அப்பா காலத்து ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். கறுப்புப் புகை, தலைப் பக்கம் 'டக் டக்' என்று தட்டல், குழாயில் பாதித் தண்ணீர்தான்.

மெக்கானிக் தம்பி வந்து டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்தார். "அண்ணே, சத்தம் நின்னுடுச்சு" என்றார். புகை நிற்கவில்லை. மூன்றாம் நாள் பிரித்தால், கேம் ஷாப்டில் ஒரு மூக்கு தேய்ந்து மொட்டையாக இருந்தது. புதுசு வாங்கிப் போட்டோம். அடுத்த சம்பாவிலேயே அதே சத்தம், அதே புகை. காசு போனதைவிட, ஒரு மா நெல் பதராய்ப் போனதுதான் தாங்கவில்லை. இரண்டாம் முறை மாற்றும்போது கூடவே உட்கார்ந்து கவனித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேம் ஷாப்டின் வேலை

காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இவை நேரத்துக்குத் திறக்க வேண்டும். கேம் ஷாப்டில் உள்ள மூக்கு சுழன்று வரும்போது டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடையும், அது ராக்கரையும் தள்ள, வால்வு திறக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பல இன்ஜின்களில் டீசல் பம்பை இயக்குவதும் இதே ஷாப்ட்தான்.

மூக்கு தேய்ந்தால் வால்வு முழுசாகத் திறக்காது. காற்று குறையும், டீசல் சரியாக எரியாது, கறுப்புப் புகை வரும். ஆனால் டேப்பெட் இடைவெளியை அளப்பது மூக்கு இல்லாத வட்டப் பகுதியில். அதனால் மூக்கு தேய்ந்திருந்தாலும் இடைவெளி சரியாகவே காட்டும். முதல் முறை நாங்கள் ஏமாந்தது இங்கேதான்.

பிரிக்காமலே சோதிக்கலாம். ராக்கர் மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, இன்ஜின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் தேய்ந்தது?

மூக்கும் டேப்பெட்டும் தொடுகிற இடம் ஒரு கோடு அளவுதான். அத்தனை அழுத்தமும் அதில் விழும். இடையில் நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நானோ ஆயில் குறைந்தால் ஊற்றுவேன், வடித்து மாற்றியதே இல்லை. முதல் முறை பழைய டேப்பெட்டுகளையே திரும்பப் போட்டோம். அடிப்பக்கம் பள்ளம் விழுந்த டேப்பெட் புது மூக்கையும் தின்றுவிட்டது. ஆயில் தொட்டியில் கிடந்த இரும்புத் துகள் மிச்ச வேலையைப் பார்த்தது.

மாற்றும் முறை

1. இன்ஜின் ஆறிய பிறகு டீசலை அடைத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, ஆயிலை முழுவதும் வடிக்கவும்.

2. புஷ் ராடுகளை எடுத்து, எது எந்த வால்வுக்கு என்று குறித்து வைக்கவும்.

3. டீசல் பம்பைக் கழற்றும்போது அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைத் தொலைக்கக் கூடாது. டீசல் பாயும் நேரத்தைத் தீர்மானிப்பவை அவை.

4. டைமிங் கியர்களில் உள்ள குறிகளை நேருக்கு நேர் நிறுத்திய பிறகே ஷாப்டை உருவவும். டேப்பெட்டுகளை உயர்த்திப் பிடித்தால்தான் அது வெளியே வரும்.

5. புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். ஆயில் தொட்டி, வடிகட்டி, ஆயில் போகும் துளைகள் எல்லாவற்றையும் டீசலால் கழுவவும்.

6. புது ஷாப்டோடு புது டேப்பெட். இதில் சிக்கனம் வேண்டாம். மூக்குகளில் ஆயிலைத் தாராளமாகப் பூசி, குறிகளைச் சேர்த்து மாட்டவும்.

7. புது ஆயில் ஊற்றி, கையால் சில சுற்று சுற்றவும். எங்காவது இடித்தால் நிறுத்தி, குறியைத் திரும்பப் பார்க்கவும்.

8. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பில்லர் கேஜ் வைத்து, புத்தகத்தில் சொன்ன இடைவெளியை வைக்கவும்.

சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினோம். 25 மணி நேரம் ஓடியதும் அந்த ஆயிலையும் வடித்துவிட்டோம். இப்போது கொட்டகைச் சுவரில் கரிக்கோடு போட்டு மணிக்கணக்கு வைத்திருக்கிறேன். 100 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றம்.

காரிலும் கேம் ஷாப்டின் வேலை இதுதான். பல கார்களில் அது தலைமேல் இருக்கும், பெல்ட்டோ செயினோ சுற்றும். குறி தவறினால் பிஸ்டன் வால்வில் இடித்துவிடக்கூடும். அதைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

கடைசியாக ஒன்று. வடித்த கழிவு ஆயிலை வரப்பிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். கரையானுக்கு என்று மரத்தில் பூசுகிற பழக்கமும் வேண்டாம். உலோகக் கழிவு கலந்த எண்ணெய் அது. நான் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுக்கிறேன். மருந்து அடிக்காமல் காப்பாற்றிய மண்ணை இன்ஜின் கொட்டகை வழியாகக் கெடுக்கலாமா?

போன தையில் கடைசி நனைப்பு முழுசாகப் பாய்ந்தது. புகை இல்லை, நெல்லும் பதராகவில்லை.