கரையோர மனையும் கடற்பேரலையும்

கரையோரத்தில் மனையமைப்போர் முதலில் ஆராய வேண்டியது சுவரின் வலிமையை அன்று. நிலத்தின் உயரத்தையே ஆகும். இவ்வுண்மையை யப்பானின் வடகீழ்க் கரையிலுள்ள இரண்டு ஊர்கள் விளக்குகின்றன.

அனேயோசி என்னும் சிற்றூர் 1896, 1933 ஆகிய ஆண்டுகளிற் கடற்பேரலையால் அழிந்தது. எஞ்சியோர் மலைச்சரிவிலே கல்லொன்று நாட்டி, அதற்குக் கீழே வீடு கட்டலாகாதெனப் பொறித்து, மேலே குடியேறினர். அயலூராகிய தாரோவினரோ 10 மீற்றர் உயரமான மதில் எழுப்பி, அதன் பின்னே தாழ்நிலத்தில் வாழ்ந்தனர். 2011 மார்ச்சு 11இல் எழுந்த அலை அம்மதிலைக் கடந்து புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அனேயோசியில் ஏறக்குறைய 40 மீற்றர் உயரம்வரை ஏறியும் அலை கல்லை எட்டவில்லை. மேலிருந்த வீடுகள் தப்பின.

மதில் பயனற்றதன்று; ஆயினும், அதனினும் உயர்ந்த அலை வாராதென்பதற்கு உறுதியில்லை.

2004 திசெம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே நம் கீழ்க்கரையை அலை அடைந்தது. எச்சரிப்பாரின்மையால் இலங்கையில் முப்பதினாயிரத்திற்கு மேற்பட்டோரை இழந்தோம். மேட்டுநிலம் அரிதான நம் கரைகளில், ஆழ்ந்த அத்திவாரமும், நீர் ஊடே செல்லத்தக்க தூண்களும் கொண்ட மாடிக் கட்டடங்கள் புகலிடமாக வேண்டும். அவற்றை அடையும் வழி தடையற்றிருத்தல் வேண்டும். அவ்வழியைச் சிறார்க்குப் பழக்குதல் கற்றோர் கடனாகும்.